மக்கான் தூணும் லாங் பஜார் கல்லும்



ஜூலை 10 அன்று காலையில் வேலூர் மக்கான் பக்கம் போகிறவர்கள், சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணுக்கு மாலை மரியாதை நடப்பதைப் பார்க்கலாம். அதிகாரிகளும் முன்னாள் படைவீரர்களும் வருவார்கள். மறுநாள் வழக்கம்போல பேருந்து ஹாரன்தான்.

தூண் 1998-இல் எழுந்தது. சம்பவம் நடந்தது 1806-இல். நெற்றிக்குறி கூடாது, கடுக்கனைக் கழற்று, தோல் பட்டை வைத்த புதுத் தொப்பியைப் போடு என்று சென்னைப் படைத்தலைமை உத்தரவிட்டதும், மறுத்துப் பேசிய ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி வாங்கியதும் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். எனக்கு இந்தக் கதையில் மறக்காதது கல்யாண வீடு. திப்பு சுல்தானின் குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்குள்தான் காவலில் வைத்திருந்தார்கள். ஜூலை 9 அன்று அவர் மகள் ஒருத்திக்குத் திருமணம். அந்தச் சந்தடியின் மறைவில் கூடிய சிப்பாய்கள் விடிவதற்குள் கோட்டையைப் பிடித்து மைசூர்க் கொடியை ஏற்றிவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்ததும் எல்லாம் தலைகீழானது. ஏறத்தாழ நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை, தூக்கு, பீரங்கி வாயில் கட்டிச் சுடுதல் எல்லாம் அதன் பிறகு.

அன்று கொல்லப்பட்ட கர்னல் ஃபேன்கோர்ட்டின் மனைவி, குழந்தைகளோடு ஒளிந்து உயிர் தப்பி, அந்த இரவைத் தன் கையாலேயே எழுதி வைத்தார். சிப்பாய்களின் பேச்சோ பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் குறித்துக்கொண்ட வாக்குமூலமாகத்தான் நமக்கு வருகிறது.

அங்கிருந்து லாங் பஜாருக்கு வாருங்கள். மணிக்கூண்டை அண்ணாந்து பார்ப்பவர்கள் அதிலுள்ள கல்லைப் பார்ப்பதில்லை. 1914-18 பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. (வேலூரைக் கிராமம் என்கிறதே என்று கோபிக்க வேண்டாம். ஊருக்கு ஊர் இதே வாசகத்தை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.)

ஒரே ஊர். வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர்களுக்கு ஒரு தூண், அவனுக்காகப் போய்ச் செத்தவர்களுக்கு ஒரு கல். தியாகி, கூலிப்படை என்று இவர்களை இரண்டு கட்சியாகப் பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. பட்டாளத்துச் சம்பளம் வந்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்துக் கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்றுதானே சொல்கிறார்கள்!

என் வருத்தம் வேறு. அந்தப் பதினான்கு பேரின் பெயர் கல்லில் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். இது வேலூர்க் கல்லின் குறை மட்டுமல்ல. சென்னை மாகாணத்தவர் பலர் போரிட்ட மெசபொடேமியாவில், பஸ்ரா நினைவுச்சின்னத்தின் பலகைகளிலும் இந்தியப் படையில் அதிகாரிகளுக்குத்தான் பெயர். இந்தியச் சிப்பாய்கள் அங்கேயும் வெறும் எண்ணிக்கைதான். பெயர் வெட்டக் கல்லில் இடமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் சாவடியிலோ பள்ளிச் சுவரிலோ இப்படி ஒரு சலவைக்கல் பதிந்திருக்கலாம். கொள்ளுத்தாத்தாவின் பதக்கமோ, பட்டாளத்திலிருந்து வந்த காகிதமோ பரணில் கிடக்கலாம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பெயரும் ஊரும் குறித்து எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம். வேலூர்க்காரர்கள் அந்தப் பதினான்கில் ஒரு பெயரைக் கண்டுபிடித்துத் தந்தாலும் எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

கல்லைப் படம் எடுக்கும்போது எழுத்து தெரிகிற மாதிரி, காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் எடுங்கள். மேலே சுண்ணாம்பு அப்பியிருந்தால் கத்தியால் சுரண்டிவிடாதீர்கள். ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள், போதும்.

அன்புடன்,
ஆசிரியர்