தாயின் நடையில் ஒரு மலைப்பயணம்

ஜீயபுரம் போன்ற காவிரிக்கரை ஊர்களில் வாழைத் தோட்டமே உலகமென வாழ்ந்த தாயரை, பணியில் அமர்ந்த பிள்ளைகள் கொல்லிமலைக்கு அழைத்துச் செல்வது பாராட்டத்தக்கதே. ஆயினும், அப்பயணம் யாருடைய விருப்பத்தின்படி அமைகிறது? 70 கொண்டை ஊசி வளைவுகளையும் விரைந்து கடந்து, ஒரே பகலில் அனைத்தையும் காட்டிவிட முனைவோரே மிகுதி. ஆகாயகங்கை அருவியைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பிறகு அத்தனையும் ஏற வேண்டும். முழங்கால் வலியுடைய தாய், “நீ போய்ப் பார்த்துவிட்டு வா, தம்பி” எனக்கூறி அறப்பளீசுவரர் கோவிலருகே அமர்ந்துவிடுகிறார். மகனின் கைப்பேசிப் படமே அவர் கண்ட அருவி!

வாழைக்கு மண் அணைத்துப் பழகிய கைகள் அவருடையவை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதையும் சரிவுகளில் சாமை விளைவதையும் நின்று பார்க்க அவர் விரும்பியிருக்கக் கூடும். வண்டியை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தயக்கம். கேட்டறிய மகனுக்கு நேரமில்லை. அருவியாக விழும் ஐயாறு, புளியஞ்சோலை வழியே சமவெளி சேர்ந்து காவிரியில்தான் கலக்கிறது. படியிறங்க இயலாத தாயைப் புளியஞ்சோலைக்கு அழைத்துச் சென்றால், அந்நீரில் அவர் கால் நனைக்கலாம். அதற்காகப் பட்டியலில் உள்ள நான்கு இடங்களைக் கைவிடலாம்.