மோட்டாருக்கும் மூச்சு வாங்கும்!

பண்டிகை நாள். வீடு நிறைய விருந்தாளிகள். வடைக்கு ஊறிய பருப்பை மிக்ஸியில் போட்டுக் கெட்டியாக அரைத்துக் கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று மிக்ஸி நின்று விடுகிறது! ஸ்விட்சை எத்தனை தரம் திருப்பினாலும் சத்தமே இல்லை. "ஐயோ, போய்விட்டதே!" என்று கையைப் பிசைய வேண்டாம், சகோதரிகளே! பெரும்பாலும் அது கெட்டுப் போகவில்லை; கெட்டுப் போகாமல் தன்னைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறது.

மோட்டாருக்குள் இருப்பது தாமிரக் கம்பிச் சுருள். அந்தக் கம்பியின் மேல் வார்னிஷ் போன்ற மெல்லிய பூச்சு உண்டு. பூச்சு உள்ள வரையில்தான் மோட்டாருக்கு ஆயுள். சுமை கூடினால் மோட்டார் திணறும். திணறினால் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். இழுக்கும் மின்சாரம் 2 மடங்கானால், உண்டாகும் சூடு 4 மடங்கு! போதாக்குறைக்கு, மோட்டாரைக் குளிர வைக்கும் விசிறியும் அதே அச்சில்தான் சுழல்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறைந்து விடுகிறது. பிறகு பூச்சு கருகாமல் என்ன செய்யும்?

இதற்காகத்தான் பல மிக்ஸிகளின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகச் சிவப்பாக இருக்கும். 'ஓவர்லோட்' என்று சொல்வது இதைத்தான். உள்ளே இரண்டு வகை உலோகத்தை ஒட்டிச் செய்த தகடு ஒன்று உண்டு. சூடேறும்போது ஓர் உலோகம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் நீளுவதால் தகடு வளைந்து, மின்சாரத்தைத் துண்டித்து விடுகிறது.

மிக்ஸி இப்படி நின்றால் முதலில் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பிறகே ஜாரில் கை வைக்கலாம். பருப்பைப் பாதியாகக் குறையுங்கள். பத்து, பதினைந்து நிமிஷம் ஆறவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியும் நிற்கவில்லையென்றால் இன்னும் சூடு தணியவில்லை என்று அர்த்தம். வெறும் ஜாரை ஓட்டும்போதே பொத்தான் விழுந்தால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பல மிக்ஸிகளுக்கு, 5 நிமிஷம் ஓட்டி 2 நிமிஷம் நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

"மெயின் போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. அது முக்கியமாகச் சுவருக்குள் ஓடும் ஒயருக்குக் காவல். உங்கள் தண்ணீர் மோட்டார் வழக்கமாக 6 ஆம்பியர் இழுப்பது என்று வைத்துக் கொள்ளுங்கள். அது சிக்கிக் கொண்டு 10 ஆம்பியர் இழுத்தாலும், 16 ஆம்பியர் எம்.சி.பி. பேசாமல்தான் இருக்கும். மோட்டார் வெந்து போகும்! அதற்குத் தனியாக ஓவர்லோட் காப்பு வேண்டும். மோட்டாரின் மேல் பொறித்திருக்கும் ஆம்பியருக்குச் சரியாக அதை வைக்கவும் வேண்டும்.

இன்னொன்று: சில மோட்டார்களில் உள்ள காப்பு, ஆறியதும் தானாகவே மின்சாரத்தைச் சேர்த்து விடும். நின்று போன மோட்டாரை "ஏன் நின்றது?" என்று தொட்டுப் பார்க்கும் சமயத்தில் அது சுற்ற ஆரம்பித்தால்? ஆகவே மெயினை அணைக்காமல் குழந்தைகளையோ வேலையாளையோ அருகில் விடாதீர்கள்.

அடிக்கடி நிற்கிறதே என்று நீங்கள் அலுத்துக் கொண்டால், "ஓவர்லோடை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்து விடுகிறேன், அம்மா! அப்புறம் நிற்கவே நிற்காது" என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. தயவு தாட்சண்யம் பாராமல் மறுத்து விடுங்கள். காவற்காரன் குரல் கொடுக்கிறான் என்பதற்காக அவனையே வெளியேற்றுவதா? அப்புறம் மோட்டார் நிற்பது சுருள் எரிந்த பிறகுதான். நெருப்புப் பிடித்தாலும் ஆச்சரியமில்லை.

இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்து வைத்துவிட்டு, மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.