எழுதி வைத்தவன் யார்?

பூவிருந்தவல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர்க்கு நசரத்பேட்டை தெரிந்த ஊர்தான். அங்கே படப்பிடிப்பு நகரின் மதிலுக்குள் அரண்மனைகள் எழும். படம் முடிந்ததும் மறையும். முன்புறம் கருங்கல், பின்புறம் ஒட்டுப்பலகை! தச்சர்களும் வண்ணம் பூசுவோரும் மின்தொழிலாளரும் நாள்தோறும் உள்ளே சென்று மாயத்தைச் செய்து வைத்துவிட்டு மாலையில் வீடு திரும்புகின்றனர். மாயத்தின் முதுகைப் பார்த்த ஊர் அது.

அந்த ஊர் இளைஞன் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. அதில் உலகத்துத் தொடர்களெல்லாம் ஓடுகின்றன. 'டார்க்' என்றொரு ஜெர்மன் தொடர். 2017-இல் தொடங்கி 2020-இல் முடிந்தது. மொத்தம் 26 பகுதிகள். வின்டன் என்பது கதையில் வரும் ஊர். அங்கே ஒரு குகை. அதனுள் புகுந்தவன் 33 ஆண்டு முன்னோ பின்னோ போய் விழுவான். 2019-இல் காணாமற்போன சிறுவன் 1986-இல் வளர்கிறான். வளர்ந்து, தன் தமக்கை விரும்பிய வாலிபனுக்கே தந்தையாகிறான்! இன்னொருத்தி தன் தாய்க்கே தாயாக இருக்கிறாள்!

இதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? யார் யாருக்கு மகன், யார் எந்த ஆண்டில் மறைந்தான் என்று குடிவழி வரைந்தார்கள். 33 என்ற எண்ணில் ஏசுவின் வயதைக் கண்டவர் உண்டு. ஆதாம், ஏவாள், நோவா என்ற பெயர்களைக் கண்டு விவிலியத்தின் மறைபொருள் தேடியவர் உண்டு. ஒருவன் ஒரு கருத்தைச் சொல்வான். "அப்படியானால் முதற்பருவத்தில் அந்தக் கதவு ஏன் பூட்டியிருந்தது?" என்று மற்றொருவன் மடக்குவான். சொன்னவன் சான்று தேடி ஓடுவான். கிடைக்காவிட்டால் தன் கருத்தைக் கைவிடுவான்.

வேலையற்ற வேலை என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நான் சலித்துக்கொள்ள மாட்டேன். முன்னுக்குப் பின் முரண் உண்டா என்று பார்ப்பது, சான்று கேட்பது, பொருந்தாததைத் தள்ளுவது - இவற்றைத்தானே பகுத்தறிவு என்று மேடைதோறும் தொண்டை வறளக் கூறினோம்! கேட்காத செவிகள், ஒரு கதைக்காகக் கேட்டுவிட்டன. மகிழ்ச்சி! என் வழக்கு அதுவல்ல. தொடரைத் துண்டுதுண்டாக அறுக்கும் அந்தக் கத்தி, வீட்டுக் கூடத்தில் ஓலைக்கட்டைக் கண்டதும் உறைக்குள் ஒளிந்துகொள்கிறதே, அது ஏன்?

ஓலை என்றதும் நம் நாட்டுத் தொடர் ஒன்று நினைவுக்கு வரும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, 2004 முதல் 2006 வரை சன் தொலைக்காட்சியில் வந்த 'சிதம்பர ரகசியம்'. நாடி ஓலையைச் சுற்றிப் பின்னிய கதை. கதை கட்டுவது கதாசிரியன் உரிமை. அதில் குறை காண நான் வரவில்லை. வாரந்தோறும் கொலையாளி யார், கொலையாளி யார் என்று ஊகித்தவர்கள் பல்லாயிரவர். ஓலையை எழுதியவன் யார் என்று ஊகிக்க முன்வந்தவர் எத்தனை பேர்?

வைத்தீசுவரன் கோயிலில் நடப்பதைப் பாருங்கள். ஆணுக்கு வலக் கட்டைவிரல், பெண்ணுக்கு இடக் கட்டைவிரல்; ரேகை வாங்குகிறார்கள். கட்டு ஒன்றைப் பிரிக்கிறார்கள். "தந்தை பெயர் வல்லெழுத்தில் தொடங்குமா?" இல்லை. அந்த ஏடு தள்ளப்படுகிறது. "உடன்பிறந்தார் இருவரா?" ஆம். "தாய் உயிருடன் உண்டா?" ஆம். இப்படிக் கேட்டுக் கேட்டுக் கடைசியில், வந்தவன் வாயிலிருந்து வாங்கிய செய்தியையே அகத்தியர் வாக்காக அவனிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள், அவன் மெய்சிலிர்க்கிறான்! ஆம், இல்லை என்ற இரண்டே விடை கொண்ட 20 கேள்விகள் போதும், 10,48,576 பேரில் ஒருவனைப் பிரித்தெடுக்க. இரண்டை இருபது முறை பெருக்கிப் பாருங்கள். முனிவர் தேவையில்லை, பள்ளிக் கணக்கு போதும். பனையோலையோ நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிது.

பொதுக் காண்டத்துக்கு ஒரு கட்டணம். கல்விக்கு, மணத்துக்கு, தொழிலுக்குத் தனித்தனிக் காண்டம், தனித்தனிக் கட்டணம். பதின்மூன்றாவது சாந்தி காண்டம், அதில் பரிகாரம்! எழுதியது நடந்தே தீரும் என்றால் பரிகாரம் எதற்கு? பரிகாரத்தால் மாறும் என்றால் எழுதியது விதியா? ஜெர்மன் தொடரில் இந்த முரண் வந்திருந்தால் நம் இளைஞன் விடிய விடிய வழக்காடியிருப்பான். அவன் தங்கையின் மேற்படிப்புக்கு வைத்திருந்த பணம் ஓமத்துக்குப் போகும்போது மட்டும், "பெரியவங்க சொல்றாங்க" என்று வாய் மூடிக்கொள்கிறான்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. காலப்பயணம் நம் முன்னோர்க்குத் தெரியும் என்று முழங்கும் கூட்டம். சான்று? ககுத்மி மன்னன் கதை. மகள் ரேவதிக்கு மணமகன் தேடிப் பிரமனிடம் சென்றானாம். அங்கே இசை முடியும்வரை காத்திருந்தானாம். அதற்குள் பூமியில் யுகங்கள் கழிந்தனவாம். "பார்த்தீர்களா, ஐன்ஸ்டைன்!" என்கிறார்கள். அவர்கள் பாதியில் நிறுத்திவிடும் கதையை நான் முடிக்கிறேன். திரும்பி வந்த ரேவதியைப் பலராமனுக்குக் கொடுத்தார்கள். பழைய யுகத்துப் பெண் ஆயிற்றே, மிக உயரமாக இருந்தாள். பலராமன் தன் ஏர்முனையால் அவளை அமுக்கிக் குள்ளமாக்கினான்! அவள் விருப்பத்தை யாரும் கேட்டதாகப் புராணம் பேசவில்லை. அதில் அறிவியல் கண்டவர்களுக்கு இந்த ஏர்முனை மட்டும் கண்ணில் படுவதில்லை.

ஐன்ஸ்டைன் 1905-இல் கூறியதை, கூறினார் என்பதற்காக உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. 1971-இல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்து, தரையிலிருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்தார்கள். வழிகாட்டும் செயற்கைக்கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு, ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் 38 கூறு, விரைவாக ஓடுகிறது. அதைத் திருத்தாவிட்டால் நசரத்பேட்டைக்கு வரவேண்டிய வாடகை வண்டி வேறெங்கோ போய் நிற்கும்.

உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயிலில், மிதிவண்டியில் செல்லும் மனிதன் சிற்பம் ஒன்று உண்டு. உடனே கிளம்பிவிட்டார்கள், சோழர் காலத்துக்கு எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து போனான் என்று! 1920-களில் திருப்பணி நடந்தபோது, ஊரில் புதிதாக உலவிய வண்டியைக் கண்டு வியந்த சிற்பி செதுக்கியது அது என்று ஆய்வாளர் விளக்கினர். அந்தச் சிற்பியின் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. கல்லில் தெய்வத்தையே செதுக்கிச் சலித்தவன், தெருவில் போனவனையும் ஏற்றிவிட்டான்! அந்தத் தொழிலாளியின் பெருமையைப் பறித்து, வராத விருந்தாளிக்கு ஏன் வழங்குகிறீர்கள்?

'டார்க்' எப்படி முடிந்தது? ஆதாமும் ஏவாளும் இரு உலகங்களும் சுழன்ற அத்தனை முடிச்சுக்கும் வேர் எது தெரியுமா? ஒரு சாலை விபத்து! மழை இரவில், பாலத்தருகே, கடிகாரம் செய்யும் முதியவரின் மகனும் மருமகளும் கைக்குழந்தையும் இறக்கிறார்கள். அந்தத் துயரைத் துடைக்க அவர் செய்த கருவியே எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். இறுதியில் இருவர் சாலையில் நின்று வண்டியை மறிக்கிறார்கள்; "பாலத்துக்குப் போகாதீர்கள்" என்கிறார்கள். விபத்து இல்லை, கதையும் இல்லை. ஓமம் வளர்க்கவில்லை, ஓலை பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தினார்கள்!

நசரத்பேட்டைக்குத் திரும்புவோம். 2020 பிப்ரவரி 19 இரவு, அங்குள்ள அந்தப் படப்பிடிப்பு நகரில் 'இந்தியன் 2' படத்துக்கு அரங்கம் எழும்பிக்கொண்டிருந்தது. விளக்கேற்றிய பாரந்தூக்கி சாய்ந்தது. மூன்று பேர் மாண்டனர். மூவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள். நசரத்பேட்டைக் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது. 2024-இல் படம் வெளிவந்தது. நடுவில் கழிந்த நான்கு ஆண்டில் இதைப் பற்றிப் பேசியோர் உதட்டில் எளிதாக வந்து உட்கார்ந்த சொல் எது? விதி!

திரையில் நாயகன் இறந்தவனைக் காப்பாற்ற நூறு முறை காலத்தைத் திருப்புகிறான், நாம் கைதட்டுகிறோம். அரங்கத்தில் இறந்த தொழிலாளிக்குத் திருப்பக் காலம் கிடையாது. அடுத்தவனுக்கு உண்டு. பாரந்தூக்கியின் காலூன்றிய மண் கெட்டியா, தூக்கிய எடை எவ்வளவு, அன்று காலை அதைச் சோதித்தவர் யார், கையெழுத்திட்ட தாள் எங்கே, எத்தனை மணி நேரம் அவர்கள் கண் துஞ்சாமல் உழைத்தார்கள்? நாளை விடியலில் அதே சாலையில் மீண்டும் ஒரு வண்டி போகும். உள்ளே தச்சன், மின்தொழிலாளி, உணவு பரிமாறும் சிறுவன். ஒரு பூட்டிய கதவுக்காக மூன்று பருவம் கணக்குக் கேட்ட இளைஞனே, உன் அண்ணன் அந்த வண்டியில் இருக்கிறான். இந்தக் கணக்கையும் கேள்!