அம்மாவிடம் போக அப்பாவின் கையெழுத்து

திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டுப் பங்கு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதல் நற்கருணைக்காகவும் திருமணத்துக்காகவும் மட்டும் வருவதில்லை. "பிள்ளைக்கு விசா போடணும் சாமி, அவ அம்மா கனடாவுல இருக்கா" என்று பேத்தியின் கையைப் பிடித்தபடி ஒரு பாட்டி வந்து நிற்பது நமக்குப் பழகிப்போன காட்சியாகிவிட்டது. சான்றிதழைக் கொடுத்து, ஆசீர்வதித்து அனுப்பிவிடுகிறோம். அந்தப் பிள்ளை விமானம் ஏறுவதற்கு இன்னும் எத்தனை வாசல்களைத் தாண்ட வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றுள் மிகக் குறுகலான வாசல் ஒன்றைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம்.

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். தாய் செவிலியர். மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டுக் கனடா சென்று, அங்கே நிரந்தரக் குடியுரிமை அனுமதி பெற்றுவிட்டார். மகளுக்கு இப்போது 13 வயது. தந்தை உயிரோடு இருக்கிறார். ஆனால் பல ஆண்டுகளாகத் தனியே வாழ்கிறார். வழக்கு இல்லை, விவாகரத்து இல்லை, பிள்ளைக்கென்று அவர் பணம் அனுப்புவதும் இல்லை. மகளை அழைத்துக்கொள்ளத் தாய் விண்ணப்பிக்கிறார். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். அதோடு ஒரு தாளும் கேட்கப்படும்: உடன் வராத பெற்றோரின் சம்மத அறிவிப்பு. கனடாவின் குடிவரவுத் துறையில் இதற்கு ஐஎம்எம் 5604 என்று ஒரு தனிப் படிவமே உண்டு. பிள்ளை நிரந்தரமாகக் கனடாவில் குடியேறுவதற்குத் தனக்குச் சம்மதம் என்று தந்தை நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, தன் அடையாள அட்டையின் நகலையும் இணைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், பிள்ளையை அழைத்துச் செல்லும் உரிமை தாய்க்கு உண்டு என்று நீதிமன்றம் தந்த ஆணை வேண்டும்.

"பெற்று வளர்த்தவள் அழைக்கிறாள், திரும்பிப் பார்க்காதவனிடம் எதற்குக் கையெழுத்து?" என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தாள் ஏன் பிறந்தது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஏன் கேட்கிறார்கள்?

கணவன் மனைவி சண்டையில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை நாடு கடத்திவிடுவது உலகெங்கும் நடக்கும் துயரம். இதைத் தடுக்கவே 1980 இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அப்படிக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். கனடா, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவை இதில் சேர்ந்துள்ளன. நம் சட்ட ஆணையம் 2009 இலும் 2016 இலும் இதைப் பற்றி அறிக்கை தந்தபோதும் இந்தியா இன்னும் சேரவில்லை. கொடுமைக்குத் தப்பிப் பிள்ளையோடு தாய்நாடு திரும்பும் பெண்களை இது குற்றவாளிகளாக்கிவிடும் என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே சம்மதக் கடிதம் கேட்கும் அதிகாரி, நம் தாய்மார்களைச் சந்தேகிப்பதற்காக அதைக் கேட்கவில்லை. எங்கோ ஒரு தகப்பன் அல்லது தாய், தன் பிள்ளை எங்கே என்று தெரியாமல் தவிக்கக்கூடாது என்பதற்காகவே கேட்கிறார். பிள்ளைமேல் உண்மையான பாசம் உள்ள தகப்பன்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். தாங்கள் வெளிநாடு சென்று, பிள்ளையைத் தாயிடமிருந்து அழைத்துக்கொள்ள விரும்பும் தகப்பன்மாரும் இருக்கிறார்கள். இந்த விதி இருபக்கமும் காக்கிறது.

நாட்டுக்கு நாடு இது மாறுபடும் என்பதையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் குடியேறிவிட்ட தாயோ தந்தையோ 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை அழைக்கும்போது, மற்றவர் உயிரோடு இருந்து உடன் வராவிட்டால், வெறும் சம்மதம் போதாது. பிள்ளையின் வாழ்வு பற்றிய முக்கிய முடிவுகளையெல்லாம் தாம் மட்டுமே எடுத்து வந்ததை மெய்ப்பிக்க வேண்டும். அல்லது பிள்ளையை அனுமதிக்காமல் விடுவது தகாது என்பதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும். பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவரிடம் பேசியதற்கான பதிவு, மாதந்தோறும் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு போன்றவை அங்கே சாட்சி சொல்லும்.

நம்மிடையே உள்ள தவறான எண்ணங்கள்

முதலாவது, கத்தோலிக்கரான நம்மை நேரடியாகத் தொடுவது. மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயம் ஒரு திருமணம் செல்லாது என அறிவித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு திருஅவைக்குள் மட்டுமே செல்லும். திருஅவைத் தீர்ப்பாயத்தின் முடிவு நாட்டுச் சட்டப்படியான திருமணத்தை முறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996 இல் தெளிவாகக் கூறியது. அதற்கு அங்கீகாரம் கேட்டுத் தொடுக்கப்பட்ட பொதுநல மனுவையும் 2017 இல் தள்ளுபடி செய்தது. விசா அதிகாரியின் மேசையில் தீர்ப்பாயத்தின் தாள் குழந்தைக் காவலுக்கான ஆணையாக ஏற்கப்படாது. அதற்கு 1869 ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்கீழோ, 1890 ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின்கீழோ நாட்டின் நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும்.

இரண்டாவது, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். "பிள்ளை தாயிடமே இருக்கட்டும்" என்று இருவரும் கையெழுத்திட்டிருக்கலாம். அது நல்ல சாட்சி. ஆனால் நீதிமன்ற ஆணை அல்ல. பிள்ளை யாரிடம் வாழும் என்பது வேறு, அயல்நாட்டுக்கு நிரந்தரமாகச் செல்லலாம் என்பது வேறு.

மூன்றாவது, பாதுகாவலர் ஆணை கிடைத்ததும் பயணச்சீட்டு வாங்கிவிடலாம் என்ற எண்ணம். 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26 ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் அந்த நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பிள்ளையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. ஆகவே வழக்குத் தொடுக்கும்போதே, வெளிநாட்டில் குடியேற அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த ஒரு வரி மனுவில் இல்லாததால் மறுபடியும் முதலிலிருந்து அலைய நேரிடும்.

நான்காவது, மறைத்துவிடுவது. தனியாக விண்ணப்பித்தால் சீக்கிரம் கிடைக்கும் என்றோ, வெட்கத்தினாலோ, சிலர் தங்களுக்குப் பிள்ளை இருப்பதையே தம் சொந்த விண்ணப்பத்தில் காட்டுவதில்லை. கனடாவின் விதிப்படி, அப்போது அறிவிக்கப்படாத பிள்ளையைப் பின்னர் குடும்பப் பிரிவில் அழைக்க இயலாது என்பதே பொதுநிலை. இதன் கடுமையை உணர்ந்து 2019 இல் அந்நாடு சிலருக்கு ஒரு சலுகையை அறிமுகப்படுத்தியது என்றாலும், அதை நம்பி யாரும் மறைக்கக்கூடாது. பொய்த் தகவல் தந்தது தெரிந்தால் 5 ஆண்டுகள் தடையும் வரும்.

கையெழுத்திட ஆள் இல்லாதபோது

தந்தை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் போதும். எங்கே என்றே தெரியாவிட்டால்? ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகளாக அறிந்திருக்க வேண்டியவர்களே எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கருத நம் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் நீதிமன்றத்தின் அறிவிப்பு தேவைப்படும். 7 ஆண்டு காத்திருப்பதற்குள் 13 வயதுப் பிள்ளை 20 வயதாகிவிடும். எனவே பெரும்பாலோர்க்கு ஏற்ற வழி, தேடியதற்கான ஆதாரங்களை முன்வைத்துப் பாதுகாவலர் ஆணை கேட்பதுதான்.

இவ்விடத்தில் 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை நினைவுகூர வேண்டும். அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு கிறிஸ்தவப் பெண். திருமணம் ஆகாத தாய். தன்னையே பாதுகாவலராக அறிவிக்கக் கேட்டபோது, தந்தையின் பெயரைச் சொல்ல வேண்டும், அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் மறுத்தன. பிள்ளைமேல் அக்கறையே காட்டாத தந்தைக்கு அறிவிப்பு அனுப்புவது கட்டாயமல்ல, பிள்ளையின் நலனே முதன்மை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இது திருமணமாகிப் பிரிந்து வாழும் தாய்க்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நம் நீதிமன்றங்கள் எதை உயர்வாக வைக்கின்றன என்பதைக் காட்டுகிறது.

கையெழுத்தைப் பேரப்பொருளாக்கும் தந்தையரைப் பற்றியும் மனம் நொந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நகையைத் திருப்பித் தா, வீட்டை எழுதித் தா, வழக்கை வாபஸ் வாங்கு என்று நிபந்தனை விதிக்கிறார்கள். பிள்ளையை வைத்துப் பேரம் பேசுவது எந்தச் சட்டம் அனுமதித்தாலும் பாவமே. அதேபோல் மகளைத் தந்தையோடு பேசவே விடாமல் செய்துவிட்டு, அவர் கைவிட்டுவிட்டார் என்று சத்தியப்பிரமாணம் எழுதும் தாயும் தவறு செய்கிறார். சாலமோன் அரசனின் முன் நின்ற இரு பெண்களின் கதை நமக்குத் தெரியும். பிள்ளை உயிரோடு முழுமையாய் இருந்தால் போதும் என்று தன் உரிமையையே விட்டுக்கொடுக்க முன்வந்தவளைத்தான் அரசன் தாய் என்று கண்டுகொண்டான்.

பிள்ளையைக் கேட்டோமா?

இத்தனை தாள்களுக்கிடையே ஒருவரின் குரல் அடங்கிப்போகிறது. அது அந்தச் சிறுமியின் குரல். இந்தியா 1992 இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குடும்பம் ஒன்றுசேரக் கேட்கும் விண்ணப்பங்களை மனிதநேயத்தோடும் விரைவாகவும் கையாள வேண்டும் என்கிறது. தன்னைப் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் 1890 ஆம் ஆண்டுச் சட்டமும் விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்கிறது.

பாட்டியைப் பற்றி எந்தப் படிவமும் கேட்பதில்லை. காய்ச்சலில் இரவெல்லாம் விழித்தவர், மறைக்கல்வி வகுப்புக்குக் கைப்பிடித்து அழைத்து வந்தவர் அவர். பேத்தியின் விடுதலை அவருக்குத் தனிமை. தாயோடு சேரும் மகிழ்ச்சியும் பாட்டியைப் பிரியும் துக்கமும் ஒரே நாளில் அந்தப் பிள்ளைக்கு வரும். இதை முன்பே பேசி அவளைத் தயாரிப்பது பெரியவர்களின் கடமை.

பங்கு என்ன செய்யலாம்?

முதலில், உண்மையை மட்டும் எழுதிக் கொடுப்போம். தந்தை ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதை வைத்துச் சான்று எழுதுவது யாருக்கும் உதவாது. பிள்ளை எந்த ஆண்டு முதல் யாரிடம் வளர்கிறாள், மறைக்கல்விப் பதிவேட்டில் யார் கையெழுத்திட்டார் என நாம் நேரில் அறிந்ததைத் தேதியோடு எழுதினால் அது மதிக்கப்படும்.

இரண்டாவது, பெயர்களைச் சரிபார்க்கத் தூண்டுவோம். திருமுழுக்கில் மரிய என்று தொடங்கும் பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு, பள்ளியில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத் தந்தை பெயரோடு என்று ஒரே பிள்ளைக்கு நான்கு பெயர்கள் இருக்கும். அயல்நாட்டு அதிகாரிக்கு இவர்கள் நால்வர். காலம் இருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் அரசிதழில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். தமிழில் உள்ள ஆவணங்களைக் குடும்பத்தினர் மொழிபெயர்த்தால் கனடா ஏற்பதில்லை என்பதும் நினைவிலிருக்கட்டும்.

மூன்றாவது, வழிகாட்டுவோம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்களும் குழந்தைகளும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறலாம். இது தெரியாமல் ஏஜென்டுகளிடம் பணத்தை இழந்தோர் உண்டு. பேசினால் இணங்கக்கூடிய தந்தையிடம் பங்குத்தந்தையோ அன்பியப் பொறுப்பாளரோ சென்று பேசுவதும் ஒரு மேய்ப்புப் பணியே. விடுமுறையில் பிள்ளை தந்தையைப் பார்க்க வரும், வாரந்தோறும் பேசும் என்ற உறுதி கிடைத்தால், பல தந்தையரின் கை தானாகவே பேனாவை எடுக்கும்.

காலம் குறுகியது. கனடாவில் 22 வயதுக்கு உட்பட்டவரே சார்ந்திருக்கும் பிள்ளையாகக் கருதப்படுவார், பிரிட்டனில் 18. நீதிமன்றத்தில் ஒரு வாய்தா தள்ளிப்போனால் நமக்கு அது ஒரு மாதம். அம்மாவின் முகத்தைக் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு அது நெடுங்காலம். அடுத்த முறை ஒரு பாட்டி திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்கும்போது, "பிள்ளையோட அப்பா கையெழுத்துப் போடுவாரா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். அந்தக் கேள்வியிலிருந்து நம் உதவி தொடங்கட்டும்.