எண்ணை மாற்றாதவர் பெயரை மாற்றலாமா?

போலந்து மருத்துவர் தரும் சான்றிதழில் அவருடைய முத்திரை இருக்கும். அதில் பெயரோடு ஏழு இலக்க எண் ஒன்றும் இருக்கும். போலிஷ் மொழியில் அதற்கு 'நூமெர் பிராவா விகொனிவானியா ஸவோது' என்று பெயர், சுருக்கமாக பி.டபிள்யூ.இஸட். 'தொழில் புரியும் உரிமையின் எண்' என்பது அதன் நேர்ப் பொருள். அந்த உரிமையை வழங்குவது வட்டார மருத்துவர் மன்றம்.

இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? வாசகருக்குப் பழக்கமான பெயரையே கொடுத்துவிடலாம் என்பது ஒரு கருத்து. பிரிட்டனுக்குப் போகும் ஆவணம் என்றால் 'ஜிஎம்சி நம்பர்', அமெரிக்காவுக்கு என்றால் 'என்பிஐ நம்பர்'. படிப்பவருக்கு உடனே புரியும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால், புரிவது தவறான செய்தியாக இருந்தால் என்ன பயன்?

ஜிஎம்சி எண் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் தருவது. அதுவும் ஏழு இலக்கம்தான். போலந்து எண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், சரிபார்க்கும் அதிகாரி பிரிட்டிஷ் பதிவேட்டில் தேடுவார். யாரும் கிடைக்காமல் போகலாம். வேறொரு மருத்துவரின் பெயரே வந்து நிற்கலாம். வேலைக்கு விண்ணப்பித்தவர் பொய் சொன்னவராகத் தெரிவார். அமெரிக்காவின் என்பிஐ பத்து இலக்க எண். அது மருத்துவச் சேவையாளரை அடையாளம் காட்டுமே தவிர, தொழில் உரிமம் ஆகாது. அங்கே உரிமம் தருவது மாநிலங்கள்.

'அடையாள எண்' என்று பொதுவாக எழுதினாலும் சிக்கல் தீராது. போலந்தில் பெசெல் என்ற பதினொரு இலக்க எண் உண்டு. அது நம் அடையாள அட்டை எண்ணைப் போன்றது. மருத்துவ அறிக்கையில் நோயாளியின் பெசெல் எண்ணும் மருத்துவரின் எண்ணும் ஒன்றாக இடம்பெறும்போது, இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் எது யாருடையது?

'பதிவு எண்' என்பதிலும் கவனம் வேண்டும். பிரிட்டனில் பதிவு வேறு, தொழில் உரிமம் வேறு. 2009 முதல் பதிவு மட்டும் வைத்திருந்தால் அங்கே மருத்துவம் பார்க்க முடியாது. மலேசியாவிலும் பதிவு பெற்ற மருத்துவர் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே, என் கருத்து இதுதான்: 'மருத்துவத் தொழில் உரிம எண்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். பக்கத்தில் 'போலந்து' என்று குறிப்பிட்டு, பி.டபிள்யூ.இஸட். என்ற மூலச் சுருக்கத்தையும் விட்டுவையுங்கள். கூடுதலாக இரண்டே சொற்கள்தான். சந்தேகம் வந்தால் எந்த நாட்டில், எந்தப் பதிவேட்டில் தேடுவது என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஏழு இலக்கங்களில் முதல் இலக்கம் மற்ற ஆறையும் சரிபார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும். பெயரைத் தவறாக எழுதினால் காட்டிக் கொடுக்க அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அந்தப் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது.

மொழிபெயர்ப்புத் துறையில் கால்வைக்க விரும்பும் மாணவர்களே, எந்த நாட்டு ஆவணமானாலும் ஓர் எண்ணைக் கண்டால் அகராதியைப் புரட்டுவதற்கு முன் கேளுங்கள்: இதை யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், எதற்காக? விடை கிடைத்த பிறகு சொல்லைத் தேடுங்கள்.