கரிக்கட்டையில் துளிர்த்த இலை: காட்டுத்தீக்குப் பிறகு மரங்கள் பிழைப்பது எப்படி?

2019-20 கோடையில் ஆஸ்திரேலியா பற்றி எரிந்தது நினைவிருக்கிறதா? நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மட்டும் சுமார் 55 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அது! ஆனால் தீ அடங்கிய சில வாரங்களிலேயே வேறு மாதிரி படங்கள் வரத் தொடங்கின. கரிக்கட்டையாக நின்ற மரங்களில் அடி முதல் நுனி வரை பச்சைப் பசேலென்று இலை.

அவை யூகலிப்டஸ் மரங்கள். நீலகிரியில் தைலமரம் என்கிறார்களே, அதே இனம்தான்.

செத்த மரம் எப்படி துளிர்க்கும்?

உண்மையில் அது சாகவே இல்லை. தடித்த பட்டைக்கு உள்ளே, தீயின் சூடு எட்டாத ஆழத்தில், மொட்டு விடக்கூடிய செல்கள் உறங்கிக் கிடக்கும். உச்சியில் தளிர்கள் இருக்கும் வரை, அங்கிருந்து இறங்கும் ஹார்மோன் இவற்றை அடக்கியே வைத்திருக்கும். உச்சி கருகினால் தடை நீங்கியது, அவ்வளவுதான். பட்டையைப் பிளந்துகொண்டு தளிர் வரும். மரம் முழுக்கவே எரிந்துபோனாலும் பல வகைகளுக்கு இன்னொரு வழி உண்டு. அடிமரத்தில், மண்ணுக்குள், கிழங்கு போலப் புடைத்த ஒரு கட்டை. அதில் மாவுச்சத்தும் இருக்கிறது, மொட்டுகளும் இருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், இலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு தீயைக் கொழுந்துவிட வைப்பதும் இதே மரம்தான்.

பாங்சியா செடியின் கதை வேறு. அதன் பல வகைகள் விதையைக் கட்டை போன்ற காய்க்குள் பல ஆண்டுகள் பூட்டி வைத்திருக்கும். தீயின் சூடு பட்டால்தான் காய் வாய் திறக்கும். விதை விழும் இடத்தில் போட்டிக்குச் செடி இல்லை, வெயில் தாராளம், சாம்பலே உரம்.

புகைக்கும் பங்கு உண்டு. விதைகளை முளைக்கத் தூண்டும் ஒரு வேதிப்பொருள் புகையில் இருப்பதை 2004-ல் மேற்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அந்த வகைப் பொருட்களுக்கு 'கரிக்கின்' என்று பெயர். அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கர் மக்களின் மொழியில் 'கரிக்' என்றால் புகை.

அப்போ கவலையே இல்லையா?

இருக்கிறது. 'ஆல்பைன் ஆஷ்' என்ற யூகலிப்டஸ் வகை பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. கடும் தீயில் மரம் செத்துப்போகும்; உச்சிக் கிளைகளில் சேர்த்து வைத்த விதைகள் மட்டும் கொட்டி முளைக்கும். ஒரு தீயைச் சமாளிக்க இது போதும். ஆனால் புதுக் கன்று போதிய விதை தர சுமார் 20 ஆண்டுகள் வேண்டும். விக்டோரியா மாநில மலைகளிலோ 2003, 2006-07, 2009, 2013, 2019-20 என்று பெருந்தீக்கள் அடுத்தடுத்து வந்தன. காய்க்கும் முன்பே இரண்டாவது முறை எரிந்த இடத்தில் விதையும் இல்லை, மரமும் இல்லை. புதரும் புல்லும்தான் மிச்சம்.

அதனால் 2020-ல் விக்டோரியா அரசு ஹெலிகாப்டரில் இருந்து விதை தூவியது. அதற்கான விதையை, எரியாமல் தப்பிய முதிர்ந்த மரங்களில் இருந்து முன்கூட்டியே சேகரிக்க வேண்டும். இந்த மரமோ எல்லா ஆண்டும் நன்றாகப் பூப்பதில்லை. இப்படி முளைத்த கன்றுகள் சொந்தமாக விதை தர 2040 ஆகிவிடும். அதுவரை அங்கே தீ வரக் கூடாது.