ரோடு போட்டால் மட்டும் போதுமா? பழவேற்காடு ஏரிக்கரை கிராமங்களுக்கு ஏன் பராமரிப்புதான் முக்கியம்?

புது ரோடு போட்டால் பூமி பூஜை நடக்கும், பெயர்ப்பலகை வைப்பார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். அதே ரோட்டில் விழும் முதல் விரிசலை அடைத்தால் எதுவும் வராது. ஆனால், அந்த ரோடு எத்தனை வருஷம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த விரிசல்தான்.

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது சுண்ணாம்புக்குளம். மேற்கே சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை. கிழக்கே, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு. இந்த ஏரியை நம்பியிருக்கும் மீனவ கிராமங்களுக்கு இறாலும் நண்டும்தான் வருமானம். பிடித்ததை ஐஸ் போட்டு, கெட்டுப்போவதற்குள் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். ரோடு மோசமானால் வண்டி தாமதமாகும், ஐஸ் கரையும், விலை இறங்கும். பிரசவ வலி வந்தால் 108 வர வேண்டியதும் அதே ரோட்டில்தான்.

ரோடு எப்படி வீணாகிறது?

'தார் சரியில்லை, அதான் பிச்சுக்கிச்சு' என்பது பொதுவாகக் கேட்கும் பேச்சு. அது ஒரு காரணம்தான். ரோட்டின் முதல் எதிரி தண்ணீர். மேலே தெரியும் தார் ஒரு மெல்லிய போர்வை மாதிரி. பாரத்தைத் தாங்குவது அதற்குக் கீழே இருக்கும் ஜல்லியும், அதற்கும் கீழே இருக்கும் மண்ணும். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் மண் இளகிவிடும். பிறகு ஒவ்வொரு வண்டி போகும்போதும் ரோடு உள்ளே அமுங்கி எழும். சில வாரங்களில் விரிசல் பள்ளமாகிவிடும்.

ஏரிக்கரையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. நிலம் சமதளம் என்பதால் தண்ணீர் வடிய சரிவு இல்லை. நிலத்தடி நீரும் அதிக ஆழத்தில் இல்லை. அதனால் மேலிருந்து மழை, கீழிருந்து ஈரம் என இரண்டு பக்கமும் அடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் திருவள்ளூர் மாவட்டம் எப்படி மிதந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் ரோட்டைக் காப்பாற்றுவது தாரின் தடிமன் மட்டுமல்ல. பக்கவாட்டு வடிகாலும், அடைப்பு எடுத்த சிறுபாலமும்தான்.

இரண்டாவது எதிரி எடை. அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. ஓர் அச்சின் மீதுள்ள எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்ற கணக்கு அதிலிருந்துதான் வந்தது. பைக்கும் ஆட்டோவும் ரோட்டைக் கெடுப்பதில்லை. அளவுக்கு மேல் மண்ணும் ஜல்லியும் ஏற்றிய ஒரு லாரி, ஆயிரக்கணக்கான பைக்குகள் செய்யாத சேதத்தை ஒரே நடையில் செய்துவிடும்.

சரி, சீக்கிரம் கவனித்தால் எவ்வளவு மிச்சம்?

ரோடு ஒரே சீராகத் தேய்வதில்லை. முதல் சில வருஷம் நன்றாகவே இருக்கும். அதன் பிறகு திடீரெனச் சரியும். அந்தச் சரிவுக்கு முன்பே விரிசலை அடைத்து, மேல்பரப்பைப் புதுப்பித்தால் செலவு குறைவு. தவறவிட்டால் தோண்டி எடுத்து முதலிலிருந்து போட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் தேசிய சாலை முகமை இதற்கு ஒரு கணக்கு சொல்கிறது: மூன்று வருஷம் பராமரிக்காமல் விட்டால் பழுதுபார்க்கும் செலவு 6 மடங்கு, ஐந்து வருஷம் விட்டால் 18 மடங்கு. வீட்டுக்கூரையில் ஒழுகும் ஒரு ஓட்டை மாற்றாமல் விட்டால் என்னாகும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அதனால்தான் உலகம் முழுக்கச் சாலை முகமைகள் ஒவ்வொரு ரோட்டையும் தனித்தனியாகப் பார்க்காமல், மொத்த வலைப்பின்னலாகப் பார்க்கின்றன. எந்த ரோடு எப்போது போட்டது, விரிசல் எவ்வளவு, மேடுபள்ளம் எவ்வளவு, வண்டிகள் எத்தனை என்று அளந்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகின்றன. பிறகு இருக்கிற பணத்தில் எதை முதலில் தொட்டால் மொத்தத்துக்கும் நல்லது என்று முடிவெடுக்கின்றன. 'ரொம்ப மோசமான ரோட்டை முதலில் சரிசெய்' என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் எல்லாப் பணத்தையும் அங்கேயே கொட்டினால், இன்று நன்றாக இருக்கும் ரோடுகள் நாளை அந்தப் பட்டியலுக்கு வந்துவிடும்.

கடைக்கோடி கிராமம் எங்கே தோற்கிறது?

இரண்டு இடங்களில். முதலாவது, 'இது யார் ரோடு?' என்ற கேள்வி. தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறையின் கையில். ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் கிராமச் சாலைகளும் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ். பார்ப்பவருக்கு ஒரே ரோடு. பாதி வழியில் பொறுப்பு மாறிவிடும். நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியில் பள்ளத்தைப் படம் எடுத்து அனுப்பினால், மாநில நெடுஞ்சாலையில் 24 மணி நேரத்திலும், மாவட்டச் சாலைகளில் 72 மணி நேரத்திலும் சரிசெய்வது இலக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் அது அந்தத் துறையின் சாலைகளுக்குத்தான். வீட்டு வாசலில் இருக்கும் ஊராட்சி ரோட்டுக்கு அந்தக் கடிகாரம் ஓடாது. ஊராட்சித் தலைவரிடம் கேட்கலாம் என்றால், திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது.

இரண்டாவது, வண்டிக் கணக்கு. அதிக வண்டி ஓடும் ரோட்டுக்கு முன்னுரிமை என்பது பொறியியல் விதி. 'நாலு வண்டி போற ரோட்டுக்கு எதுக்கு இவ்வளவு காசு?' என்ற கேள்வியும் தவறல்ல, பணம் அளவானதுதான். ஆனால் அந்த நாலு வண்டிக்கும் வேறு வழி இல்லையே! நகரத்தில் ஒரு தெரு மூடினால் அடுத்த தெருவில் போகலாம். ஏரிக்கரை ஊருக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான். அது அறுந்தால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை மூன்றும் அறுந்துபோகும். வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் இதைக் காட்டாது.

தெரியாத வித்தையா?

இல்லை. 2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், ரோடு போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. தமிழக நெடுஞ்சாலைத் துறை 2010-களில் பொள்ளாச்சி கோட்டத்தில் ஒரு படி மேலே போனது. எத்தனை பள்ளம் அடைத்தாய் என்று பார்த்துப் பணம் தராமல், ரோடு எப்போதும் சொன்ன தரத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் தரும் ஐந்தாண்டு ஒப்பந்தம் அது. பள்ளம் விழுந்தால் நஷ்டம் ஒப்பந்ததாரருக்கு. அதனால் விழாமல் பார்த்துக்கொள்வது அவருக்கே லாபம்.

கிராமச் சாலைகளுக்கும் பணம் வராமல் இல்லை. முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 4,000 கோடி ரூபாயில் 10,000 கி.மீ. சாலைகளை மேம்படுத்துவதாக 2023 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதற்குப் பிறகு வருவது: போட்டு முடித்த ரோட்டை ஆறாவது வருஷம் யார் பார்ப்பார்கள், எந்தக் காசில்?

என்ன செய்யலாம்?

மூன்று காரியம் போதும். ஒன்று, ஒவ்வொரு கிராமச் சாலைக்கும் பொறுப்பான அலுவலகம், போட்ட தேதி, கடைசியாகப் பராமரித்த தேதி, அடுத்த தேதி ஆகியவற்றைப் பொதுவெளியில் வைப்பது. இரண்டு, பராமரிப்புக்கென ஒதுக்கிய பணத்தைப் புது ரோட்டுக்குத் திருப்பாமல் பூட்டி வைத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே வடிகாலையும் சிறுபாலத்தையும் சுத்தம் செய்வது. மூன்று, முன்னுரிமைக் கணக்கில் வண்டிகளோடு, 'இந்த ஊருக்கு வேறு வழி இருக்கிறதா?' என்பதற்கும் மதிப்பெண் தருவது.

பழவேற்காடு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த நாளில் யார் எங்கே வலை போடலாம் என்பதை முன்கூட்டியே முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதில் இடம் கிடைக்காதவர்களின் குறைகளும் உண்டு. ஆனாலும், யார் முறை எப்போது என்பது ஊருக்கே தெரியும். அந்த ஊருக்குப் போகும் ரோட்டின் முறை எப்போது என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. அதைத் தெரியப்படுத்த ஆகும் செலவு, ஒரு கிலோமீட்டர் தார் ரோடு போடும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.